கஞ்சி நேரத்துப் படம்

வெள்ளிக்கிழமை காலை மலேசியாவின் பாலோ ஊரில், அய்யூப் கடையில் பசியாற உட்கார்ந்தார் கனகராஜ். ரொட்டி சானாய் வருவதற்கு முன்னால் அந்தப் படம் வந்துவிட்டது. பக்கத்து மேசை லாரிக்காரர் தன் கைப்பேசியைக் கடைக்கார அய்யூபிடம் நீட்டினார். அய்யூப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "அலமாக், நம்ம ஒய்பியா இது?" என்று கேட்டபடி அதைக் கனகராஜின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

நாற்காலியில் சாய்ந்தபடி ஒய்பி தியாகராஜன். வாய் திறந்திருந்தது. தாடையில் வழிந்த கஞ்சி சட்டைப் பொத்தானில் வந்து தேங்கியிருந்தது. வலது கை விரல்கள் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன; பிடித்திருக்க வேண்டிய கரண்டி மடியில் கிடந்தது. படத்துக்கு மேலே சிவப்புப் பட்டையில் கொட்டை எழுத்து: 'கரண்டி பிடிக்க முடியாதவர் துப்பாக்கி கேட்கிறார்.'

கனகராஜ் அதை மெதுவாகப் படித்தார். படித்து முடித்த அந்த ஒரு நிமிஷம் அவர் நெஞ்சுக்குள் எதுவோ குளிர்ந்தது. ஒன்பது வருஷமாக அவர் தொண்டையில் நின்றிருந்ததை யாரோ ஊரறியச் சொல்லிவிட்ட மாதிரி. அடுத்த நிமிஷமே கைப்பேசியை அய்யூப் பக்கம் தள்ளினார். அந்தப் படத்தை எடுத்தவர் அவர்தான்.

ரொட்டி வந்தது. தொடவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தியாகராஜன் சட்டமன்றத்தை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. சட்டமன்ற உறுப்பினரை அங்கே ஒய்பி என்பார்கள்; அந்த வட்டாரத்தில் இன்னமும் அவர் ஒய்பிதான். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் எண்ணெய்க்காகச் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு வேறு நாதி கிடையாது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி இளங்கன்றுகளைக் குருத்தோடு தோண்டிப் போடுகின்றன. சிறுதோட்டக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி உரிமம் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்று ஒய்பி பல வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். போன வருஷம் யுவனேஸ்வரி என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், மருந்து தெளிக்கப் போன இடத்தில் பன்றி தொடையில் குத்திக் கிழித்து, மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஒய்பியின் பேச்சு சிங்கப்பூர் செய்தி வரைக்கும் போனது. ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் இருந்தவர்கள், ஊருக்குள் துப்பாக்கியைப் பெருக்கப் பார்க்கிறார் என்று அவரைத் திட்டினார்கள்.

திட்டியவர்கள் பக்கம்தான் கனகராஜ். அதை அவர் கால் சொல்லும். இருபது வருஷம் செம்பனைக் குலை வெட்டியவர். ஒன்பது வருஷத்துக்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில், மரத்தடியில் குனிந்து கையை ஊன்றி உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவரைப் பன்றி என்று நினைத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் வசந்தன் சுட்டுவிட்டார். பதினோரு துப்பாக்கி ரவைகளை எடுத்தார்கள். ஆறு இடது தொடையிலேயே தங்கிவிட்டன. அதற்குப் பிறகு அரிவாள் கம்பைத் தூக்கி நிற்க அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. அப்போது மருத்துவமனைக்கும் தொழிலாளர் காப்பீட்டு சொக்சோ அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து அவருக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொடுத்தவர் ஒய்பி. பிறகு தன் கார் ஓட்டவே கூப்பிட்டுக்கொண்டார். ஒய்பியின் மனைவி போய்ச் சேர்ந்து, அவருக்கும் நடுக்குவாதம் வந்தபோது, கார் ஓட்டினவர் குளிப்பாட்டுகிறவரும் ஆனார்.

காரில் போகும்போதெல்லாம் இருவருக்கும் ஒரே சண்டை. கொடுக்கவே கூடாதுங்க ஒய்பி என்பார் கனகராஜ். அப்ப பன்றிகிட்டப் போய் மனு கொடுக்கலாமா கனகு என்பார் அவர். பக்கத்து ஊரான யோங் பெங் போய்ச் சேரும் வரைக்கும் ஓடும். ஒய்பி வீட்டிலும் உரிமத்தோடு ஒரு வேட்டைத் துப்பாக்கி இரும்பு அலமாரியில் இருந்தது. அதன் சாவி ஒய்பியின் இடுப்பு வாரில்தான் தொங்கும்; வேறு யார் கைக்கும் போகாது. கனகராஜ் வீடு முழுக்கப் பெருக்குவார். அந்த அலமாரிக்கு மூன்றடி முன்னாலேயே விளக்குமாறு திரும்பிவிடும்.

படம் எடுத்தது வியாழக்கிழமை. முனியாண்டி கோயில் பூசாரி ராமு, வெள்ளிக்கிழமை பூசைக்கு நோயாளிகளின் பெயர், நட்சத்திரம், படம் அனுப்பும்படி கோயில் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். அந்தப் படங்களை அச்சுப்போட்டு, எலுமிச்சம்பழத்தோடு சாமி காலடியில் மூன்று வாரம் வைப்பது அங்கே வழக்கம். கனகராஜ் முதலில் ஒய்பியின் பழைய தேர்தல் படத்தைத்தான் அனுப்பினார். கோட்டு, டை, முழுப் பல்லும் தெரிகிற சிரிப்பு. ராமு உடனே கூப்பிட்டுவிட்டார்.

"என்னண்ணே இது? இதைக் காட்டினா முனியாண்டி, இவன் நல்லாத்தானே இருக்கான்னு அடுத்த படத்துக்குப் போயிடுவாரு. இப்ப எப்படி இருக்காரோ அப்படியே எடுத்து அனுப்புங்க லா. சாமிகிட்ட என்ன வெட்கம்?"

கனகராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. டாக்டரிடம் போனால் சட்டையைக் கழற்றத்தானே வேண்டும்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கஞ்சி. ஒய்பிக்கு யாரும் ஊட்டிவிடக் கூடாது. அதில் அவருக்கு ரோஷம். அதற்குக் கனகராஜ் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கரண்டியை ஒய்பி பிடிப்பார். கனகராஜ் அவர் மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுப்பார். அழுத்த மாட்டார், தூக்க மாட்டார். நடுக்கம் பாதி அடங்கிவிடும்; கரண்டி தானாக வாய்க்குப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு ஒய்பி தானே சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். வியாழக்கிழமை, படம் எடுப்பதற்காக அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார். கரண்டி மடியில் விழுந்த அந்த நொடியில் கைப்பேசி கிளிக் என்றது. ஒய்பி கண்ணை மூடியிருந்தார். இப்படித்தான் இருக்கிறார் என்று சாமிக்குத் தெரியட்டும் என நினைத்து, 'தியாகராஜன், அனுஷம், விருச்சிகம்' என்று சேர்த்து, ராமு கேட்ட அதே குழுவிலேயே அனுப்பிவிட்டார். அதில் இருநூற்று நாற்பது பேர் இருப்பது அவருக்குத் தெரியும். எல்லாரும் கோயில் ஆட்கள். சாமிக்கு அனுப்புவதைச் சாமி வீட்டு ஆட்கள் பார்த்தால் என்ன?

இருநூற்று நாற்பதில் ஒருவர் போதும்.

கனகராஜ் ஒய்பி வீட்டுக்குப் போனபோது வாசல் கேட்டில் மூன்று பேர் கைப்பேசியை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கேட் கம்பி மேலேயே ஏறியிருந்தான். உள்ளே ஒய்பியின் மகன் தீபன். மாசாயில் வீடு, சிங்கப்பூரில் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு காற்றாய்ப் பறந்து வந்திருந்தார். யாரோ அந்தப் படத்துக்குக் குத்துப்பாட்டு சேர்த்து டிக்டாக்கில் விட்டிருந்தார்கள். இன்னொருத்தர், இவருக்கு மூளையும் நடுங்குகிறதா என்று மக்களிடம் வாக்குக் கேட்டிருந்தார். இரண்டாயிரம் பேர் ஆமாம் என்று சொல்லியிருந்தார்கள். தீபன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

யார் வேலை என்பதில் தீபனுக்குச் சந்தேகமே இல்லை. மிஸி நர்மதா. மருத்துவமனையிலிருந்து வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுக்கிற தாதி. வியாழக்கிழமையும் வந்திருந்தாள். பயிற்சியைப் பதிவு செய்ய எப்போதும் கையில் போன் வைத்திருப்பாள். திங்கட்கிழமை காலை மருத்துவமனையிலும் தாதியர் வாரியத்திலும் புகார் கொடுத்து, அவள் உரிமத்தைப் பிடுங்காமல் விடுவதில்லை என்றார் தீபன். கடிதம்கூடத் தயார். கோயில் குழுவில் அவர் இல்லை; குழுவில் இருந்தவர்களிலும், படம் தங்களிடமிருந்துதான் போனது என்று சொல்ல யாரும் முன்வரவில்லை.

கனகராஜ் வாயைத் திறந்தார்.

சொல்லிவிடலாம். சொன்னால் தீபன் முதலில் எதைப் பார்ப்பார்? காலைப் பார்ப்பார். துப்பாக்கியால் கால் போனவன், துப்பாக்கி கேட்ட மனுஷனை அசிங்கப்படுத்திவிட்டான் என்றுதான் ஊரே சொல்லும். எலுமிச்சம்பழம், முனியாண்டி, அனுஷம், விருச்சிகம், எதையும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அய்யூப் கடையில் நெஞ்சு குளிர்ந்த அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால், அவராலேயே தன்னை முழுசாக நம்ப முடியவில்லை. கேட்டில் நிற்பவர்களை விரட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

விரட்டியும் ஒருத்தி போகவில்லை. லோஷினி என்று பெயர். கோலாலம்பூர் இணைய ஏடு ஒன்றின் நிருபர். கனகராஜின் நொண்டி நடையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துகொண்டாள். மரியாதையாகத்தான் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை டேவான் மண்டபத்தில் மாவட்ட அதிகாரிகள் துப்பாக்கி உரிமம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள், அங்கே நீங்களும் பேச வேண்டும் என்றாள். சுடப்பட்டவர், அதே ஒய்பியைப் பார்த்துக்கொள்கிறவர், இவருடைய ஒரு வாக்கியம் பத்துப் பேர் பேச்சுக்குச் சமம் என்றாள்.

"ஒரே ஒரு வரி போதும் அங்கிள். கரண்டியே பிடிக்க முடியலைன்னு நீங்க உங்க வாயால சொன்னா, யாரும் துப்பாக்கிய பத்தி பேச மாட்டாங்க. உங்களுக்கும் அதுதானே வேணும்?"

வேணும்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் கஞ்சி. தீபன் மாடியில் வக்கீலோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கனகராஜ் ஒய்பியின் மணிக்கட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்தார். நோய் ஒய்பியின் குரலைத் தேய்த்துவிட்டிருந்தது; பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கும். புத்தியை அது தொடவே இல்லை. நான்கு வாய் சாப்பிட்ட பிறகு அவர் சொன்னார்:

"மிஸி வர்றது காலைல பத்து மணிக்கு. பதினொண்ணுக்குப் போயிடுவா. படத்துல இருக்கிறது கஞ்சி."

கனகராஜின் இரண்டு விரலும் மரத்துப்போயின. கரண்டி நடுங்கிக் கிண்ணத்தின் விளிம்பில் தாளம் போட்டது. பூசாரி கேட்டது, பழைய படத்தைச் சாமி ஏற்காது என்றது, கையை எடுத்தது, குழுவில் போட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லும்போது ஒய்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தார்.

ஒய்பி வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார். பிறகு, முனியாண்டி என்ன சொன்னாராம் என்று கேட்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அந்த நோயில் முகம் எதையும் காட்டாது.

"தீபன்கிட்ட நான் சொல்லிடலாம் கனகு. நான் சொன்னா, நோயாளி உன்னைக் காப்பாத்துறான்னு ஆவும். நீ சொன்னாத்தான் அந்தப் பொண்ணு பிழைக்கும். திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்." மூச்சு வாங்கிவிட்டு, "நாளைக்கு என்னை டேவானுக்குத் தள்ளிட்டுப் போ," என்றார்.

போகக் கூடாது என்று தீபன் எவ்வளவோ மறித்தார். மானம் போனது போதாதா என்றுகூடக் கேட்டுவிட்டார். ஒய்பி தலையை மட்டும் ஆட்டினார். அது நடுக்கமா மறுப்பா என்று தெரியாதபடி ஆடினாலும், மறுப்புதான் என்பது மகனுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேவான் நிரம்பி வழிந்தது. சக்கர நாற்காலி உள்ளே நுழைந்ததும் நெல்லறுப்புக்கு எழும்புகிற கொக்குக் கூட்டம் மாதிரி கைப்பேசிகள் எழும்பின. அதிகாரிகள் நாலு பேர் மேடையில். ஒய்பியின் வாய்க்குப் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். அவர் பேசினார். யுவனேஸ்வரியின் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்றதெல்லாம் காற்றாய்ப் போனது. பின்வரிசையில் யாரோ ஒருவன், சப்டைட்டில் போடுங்கப்பா என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற மிஸி நர்மதா சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பற்றிய கடிதம் எழுதப்பட்டிருப்பது அவளுக்கும் எட்டியிருந்தது, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இருந்தும் வந்திருந்தாள். தன் நோயாளி இவ்வளவு நேரம் உட்காரலாமா என்று பார்க்க வந்திருந்தாள்.

அடுத்து யார் பேசுகிறீர்கள் என்று கேட்டபோது, லோஷினி முன்வரிசையிலிருந்து கனகராஜைப் பார்த்துத் தலையசைத்தாள். கனகராஜ் எழுந்தார். ஒலிவாங்கி வரைக்குமான பத்தடியை அந்தக் கால் நூறடியாக்கியது.

"என் பேரு கனகராஜ். இந்தக் கால்ல இன்னும் ஆறு ரவை இருக்கு. துப்பாக்கி கொடுக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முந்தி ஒண்ணு. அந்தப் படத்தை எடுத்தது நான். கோயிலுக்காக எடுத்தேன். மிஸிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

கூட்டம் இரைந்தது. தீபன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கனகராஜ் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது என்று அவருக்குத் தெரியும்.

"தினமும் அவர் கைக்கு அடியில நான் ரெண்டு விரல் கொடுப்பேன். அன்னைக்குப் படம் புடிக்க எடுத்துட்டேன். அதனாலதான் கரண்டி விழுந்துச்சு. கரண்டிய வச்சுத் துப்பாக்கிய பேசாதீங்க. என்னைச் சுட்டவருக்கு முப்பத்திரண்டு வயசு. உரிமம் இருந்துச்சு. கண்ணு நல்லா தெரியும். கை கொஞ்சம்கூட நடுங்கல. நடுங்கியிருந்தா எனக்குக் கால் தப்பியிருக்கும்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. திரும்பி வந்து சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். தீபன் அதை ஏற்கெனவே பிடித்திருந்தார்.

"வேணாம்ணே," என்றார் தீபன், தணிந்த குரலில். "கோயிலுக்குன்னு சொல்றீங்க. உங்க கால் வேற சொல்லுது. வீட்டுச் சாவியக் கொடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார். ஒய்பி ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. நாற்காலி போய்விட்டது.

திங்கட்கிழமை அய்யூப் கடையில் காணொளி ஓடியது. எட்டு நொடி. 'இந்தக் கால்ல இன்னும் ஆறு ரவை இருக்கு' என்பதும், 'அந்தப் படத்தை எடுத்தது நான்' என்பதும் ஒட்டவைக்கப்பட்டிருந்தன. நடுவில் இருந்ததையும் காணோம், பின்னால் சொன்னதையும் காணோம். தலைப்பு, 'சுடப்பட்டவரின் பழிவாங்கல்.' லோஷினி மாலையில் கூப்பிட்டாள். முழுவதையும்தான் அனுப்பினேன், மேலே இருக்கிறவர்கள் வெட்டிவிட்டார்கள் என்றாள். குரலைக் கேட்டால் பொய் மாதிரி இல்லை. அதனால் எதுவும் மாறவும் இல்லை. சிலர் கனகராஜைப் பாராட்டிக் கை கொடுத்தார்கள். அந்தக் கைகளைப் பிடிப்பதுதான் திட்டு வாங்குவதைவிடக் கூசியது. அய்யூப் மட்டும் எதுவும் கேட்காமல், ரொட்டியைச் சூடாகப் போட்டு வைத்து, சாப்பிடும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

தீபனின் கடிதம் போகவில்லை. அந்த ஒன்று நடந்தது.

புதன்கிழமை பத்தரை மணிக்கு நர்மதா கனகராஜின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். போலீஸ் வந்திருக்கிறது என்றாள். படம் ஊரெல்லாம் பரவியதால், ஒய்பியின் உரிமத்தை மறுபடி பரிசீலிக்கும் வரை துப்பாக்கியை நிலையத்தில் வைக்கச் சொல்லி ஆணையாம். அலமாரிச் சாவியை ஒய்பி யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார். தானே திறக்கப் பார்க்கிறார், துவாரத்தில் சாவி நிற்க மாட்டேன் என்கிறது. தீபன் கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுகிறார்.

"உங்களைத்தான் கூப்பிடுறாரு அண்ணே. தீபனும் போய்க் கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு."

ஒய்பி வீட்டுக் கேட்டில் மறுபடி கைப்பேசிகள். கனகராஜ் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். கூடத்தில் சார்ஜெண்டும் இன்னொரு போலீஸ்காரரும் பொறுமையாக நின்றிருந்தார்கள். தீபன் சன்னலோரம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒய்பி சக்கர நாற்காலியில் இரும்பு அலமாரிக்கு முன்னால். பூட்டைச் சுற்றிச் சாவி கீறிய கோடுகள்.

கனகராஜ் முதலில் திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு அந்த மூன்றடியைத் தாண்டி, அலமாரியிடம் போய், ஒய்பியின் பக்கத்தில் மண்டி போட்டார். இடது தொடை சுருக்கென்றது.

"கனகு," என்றார் ஒய்பி, அவர் காதில் மட்டும் விழும்படி. "காலுக்காகவா?"

"சாமிக்காகத்தான் எடுத்தேன் ஒய்பி. அது சத்தியம்." சாவியைப் பார்த்தபடி தொடர்ந்தார். "ஆனா வெள்ளிக்கிழமை அய்யூப் கடையில அதைப் பார்த்தப்ப, ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சுங்க. ஒரு நிமிஷம்."

ஒய்பியின் முகம் எதையும் காட்டவில்லை. சாவி விரல்களுக்கிடையில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ கேட்டைத் தட்டி ஒய்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நான் இன்னமும் தோட்டக்காரங்களுக்கு உரிமம் கொடுக்கணும்னுதான் சொல்லுவேன்," என்றார் ஒய்பி.

"சொல்லுங்க. நான் கூடாதுன்னுதான் சொல்லுவேன்."

ஒய்பி மணிக்கட்டை லேசாகத் தூக்கிக் கொடுத்தார். கனகராஜ் அதற்கு அடியில் இரண்டு விரலை வைத்தார். அழுத்தவில்லை, தூக்கவில்லை. நடுக்கம் பாதி அடங்கியது. சாவி துவாரத்தைத் தேடிப் போய் உள்ளே நுழைந்தது.